பட்டினி யாருக்குச் சொந்தம்?

பெங்களூரில் 2019ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி ஒரு பெண்மணிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அன்று அன்னையர் தினம். தாய்க்கு வயது 47. குழந்தைகளில் ஒன்றுக்குத் தன் அம்மாவின் பெயரைச் சேர்த்து வைத்தார். வேறு யாராக இருந்தாலும் உறவினர் வீடுகளோடு நின்றிருக்கும் விஷயம். தாயின் பெயர் இரோம் ஷர்மிளா என்பதால் செய்தி நாடெங்கும் போனது. வாழ்த்துகள் வந்தன. கூடவே ஒரு முணுமுணுப்பும் எழுந்தது: கடைசியில் எல்லாம் இதற்குத்தானா?

அந்த முணுமுணுப்பை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் ஒரு பழைய அறக்கேள்வி இருக்கிறது. ஒருவர் பொதுக் காரியத்துக்காகத் தன் உடலைப் பணயம் வைத்தால், அதன் பிறகு அந்த உடல் யாருக்குச் சொந்தம்?

அறவியல் வகுப்புகளில் இந்த மாதிரி விவாதங்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படுபவர் ரோசா பார்க்ஸ். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலம் மான்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளைக்காரப் பயணிக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான கறுப்பினப் பெண்மணி. எந்தக் கோட்பாட்டை எடுத்து உரசினாலும் அவர் தேறிவிடுவார். விளைவைப் பார்த்தால், ஓராண்டுக்கு மேல் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பும், பேருந்தில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பும் கிடைத்தன. கடமையைப் பார்த்தால், மனித மரியாதையைக் காக்கும் செயல். குணத்தைப் பார்த்தால், நிதானமான துணிச்சல். மாணவர்கள் முழு மதிப்பெண் போட்டுவிட்டுக் கலைந்துவிடலாம்.

ஷர்மிளாவின் விஷயம் அப்படிச் சுலபமாக முடிவதில்லை. அவருடைய செயல் ஒரு மாலைப் பொழுதில் நடந்து முடிந்ததல்ல. ஏறத்தாழ 16 ஆண்டுகள் நீடித்தது. கேட்டது கிடைக்கவில்லை. அவரே அதை நிறுத்தினார். நிறுத்தியதற்காக வசவும் வாங்கினார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000 நவம்பர் 2, வியாழக்கிழமை. மணிப்பூர் தலைநகர் இம்பாலுக்கு அருகே மாலோம் என்ற ஊர். படை வாகனங்கள் மீது நடந்த குண்டு வீச்சுக்குப் பின் அசாம் ரைபிள்ஸ் வீரர்கள் சுட்டதில் பத்துப் பேர் இறந்தனர். பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தவர்களும் அதில் அடக்கம். இறந்தவர்களில் ஒருவர் 62 வயது மூதாட்டி. இன்னொருவர் 18 வயது இளைஞர். சிறுவனாக இருந்தபோது வீரச் செயலுக்கான தேசிய விருது வாங்கியவர்.

அப்போது ஷர்மிளாவுக்கு வயது 28. கால்நடைத் துறையில் கடைநிலை ஊழியராக இருந்தவரின் கடைசி மகள். சிறு வயதிலிருந்தே வியாழக்கிழமை தோறும் விரதம் இருக்கும் பழக்கம் உள்ளவர். அதற்குச் சற்று முன்புதான் மனித உரிமை விசாரணைக் குழு ஒன்றுக்கு உதவியாளராகச் சென்று, படையினரால் பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டிருந்தார். அந்த வார விரதத்தை அவர் முடிக்கவில்லை. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை விலக்கிக்கொள்ளும் வரை சோறும் தண்ணீரும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சட்டம் 1958ல் வந்தது. 'கலவரப் பகுதி' என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், சட்டம் ஒழுங்கைக் காக்க உயிர் போகும் அளவுக்கும் சுடலாம் என்று படையினருக்கு அதிகாரம் தருகிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், வீடு புகுந்து சோதனை போடலாம். இந்த அதிகாரத்தின் கீழ் செய்த காரியத்துக்காக யார் மீதாவது வழக்குத் தொடர வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 1980லிருந்து மணிப்பூர் முழுவதும் இந்தச் சட்டத்தின் நிழலில் இருந்தது. ஆயுதக் குழுக்கள் பல இயங்கும் மாநிலத்தில் படைகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்பது அரசுத் தரப்பின் வாதம். 1997ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. படையினர் பின்பற்ற வேண்டிய விதிகளையும் வகுத்தது.

உட்கார்ந்த சில நாட்களிலேயே ஷர்மிளா கைது செய்யப்பட்டார். குற்றம்: தற்கொலை முயற்சி, இந்திய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு. அதிகபட்ச தண்டனை ஓராண்டு. எனவே ஆண்டுக்கொரு முறை விடுதலை, உடனே மறுபடி கைது என்ற சடங்கு தொடங்கியது. இம்பாலில் உள்ள ஜவஹர்லால் நேரு மருத்துவமனையின் ஓர் அறையே சிறை. மூக்கு வழியாகக் குழாய் செருகி திரவ உணவு செலுத்தப்பட்டது. உதட்டில் ஈரம் படக்கூடாது என்று உலர்ந்த பஞ்சால் பல் துலக்கினார்.

இனி கோட்பாடுகளைப் பார்க்கலாம். முதலில் விளைவுக் கணக்கு. ஜெரமி பெந்தமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் பிரபலப்படுத்திய பயன்வாதம், ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதனால் விளைந்த நன்மை தீமைகளை வைத்தே தீர்மானிக்கும். இந்தக் கணக்கில் உண்ணாவிரதங்கள் சில பளிச்சென்று தெரிகின்றன. தனி ஆந்திரம் கேட்டு சென்னையில் 58 நாள் பட்டினி கிடந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15ல் இறந்தார். நான்கே நாளில் நேரு அறிவிப்பு செய்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தது. விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956ல் 70 நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து உயிர் விட்டார். அவர் கேட்ட முக்கியமான கோரிக்கை, மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்ற பெயர். அது 1969ல்தான் கிடைத்தது.

ஷர்மிளா கேட்டது ஒரே ஒரு சட்டத்தின் விலக்கம். 2004 ஆகஸ்டில் இம்பால் நகராட்சிப் பகுதியிலிருந்து சட்டம் விலக்கப்பட்டது உண்மை. ஆனால் அதை உடனடியாகத் தூண்டியது வேறொரு சம்பவம். அந்த ஜூலையில் அசாம் ரைபிள்ஸ் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா பிணமாகக் கிடந்தார். ஜூலை 15 அன்று பன்னிரண்டு தாய்மார்கள் காங்லா கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்றனர். நாடு அதிர்ந்தது. நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சட்டத்தை ரத்து செய்யலாம் என்று 2005ல் அந்தக் குழு சொன்னது. அறிக்கை ஏற்கப்படவில்லை.

பிறகும் கணக்கு ஏறி இறங்கியபடிதான் இருந்தது. 2022 ஏப்ரலில் மணிப்பூரின் 15 காவல் நிலையப் பகுதிகளிலிருந்து சட்டம் விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னும் சில பகுதிகள். 2023 மே மாதம் வெடித்த இனக் கலவரம் நிலைமையைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பரில் ஜிரிபாம் உட்பட ஆறு காவல் நிலையப் பகுதிகளில் சட்டம் திரும்பி வந்தது. 2025 மார்ச்சில், பள்ளத்தாக்கின் 13 காவல் நிலையப் பகுதிகள் நீங்கலாக மாநிலம் முழுவதற்கும் அதை நீட்டித்து மத்திய அரசு அறிவித்தது.

கறாரான பயன்வாதி ஒருவர் இதைப் பார்த்தால் நஷ்டக் கணக்கு என்று எழுதிவிடுவார். ஆனால் அவர் தராசிலேயே ஒரு கோளாறு உண்டு. ஸ்ரீராமுலுவின் பட்டினிக்கு விளைவு இருந்தது என்றால், அவர் இறந்துபோனதும் அதற்கு ஒரு காரணம். ஷர்மிளாவை இறக்கவும் விடாமல், கேட்டதைக் கொடுக்கவும் செய்யாமல் குழாயால் அரசு நடுவில் நிறுத்தி வைத்தது. போராட்டத்தின் விளைவு எதிராளியின் கையில் இருக்கும்போது, விளைவை வைத்துப் போராடியவருக்கு மதிப்பெண் போடுவது எப்படி நியாயமாகும்? கண்ணுக்குத் தெரியாத விளைவுகளும் உள்ளன. இம்பாலைத் தாண்டி யாருக்கும் தெரியாதிருந்த ஒரு சட்டத்தின் பெயர், அவர் மூக்கிலிருந்த குழாயின் புகைப்படத்தோடு ஒட்டிக்கொண்டு நாடெங்கும் போனது.

இரண்டாவது தராசு கடமை. 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட்டின் கொள்கை இது. விளைவு என்னவானாலும் சரி, எந்த மனிதரையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. மற்றவரை மட்டுமல்ல, தன்னையும். இதனாலேயே தற்கொலை தவறு என்றார் கான்ட். துன்பத்திலிருந்து தப்பிக்கத் தன் உயிரையே கருவியாக்குவது மனிதனின் மதிப்பைக் குலைக்கிறது என்பது அவர் வாதம். அப்படியானால் ஷர்மிளா தன் உடலைக் கருவியாக்கினாரா?

இதற்கு அவரே நீதிமன்றத்தில் பதில் சொன்னார். 2006 அக்டோபரில் டெல்லி ஜந்தர் மந்தரில் அவர் இருந்த உண்ணாவிரதம் தொடர்பாக அங்கும் 309ஆவது பிரிவில் வழக்கு நடந்தது. 2013ல் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது, சாக விரும்பவில்லை, வாழ்க்கையை நேசிக்கிறேன், நீதியும் அமைதியும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு சுலபமாக வெளியேறும் வழி இருந்தும் மறுத்தார். 2016 மார்ச்சில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இம்பாலிலும் 2014 ஆகஸ்டில் ஒரு நீதிமன்றம் இது தற்கொலை முயற்சியல்ல என்று விடுவித்தது. சில நாட்களில் மறுபடி கைது.

கான்ட்டின் அளவுகோலை அரசின் பக்கம் திருப்பினால் இன்னும் சங்கடம். உயிரைக் காப்பது அரசின் கடமை. ஒரு குடிமகள் கண்ணெதிரே பட்டினியால் சாகட்டும் என்று விட்டிருந்தால் அரசை யார் மன்னித்திருப்பார்கள்? இந்த வாதத்தில் பலம் உண்டு. ஆனால் தெளிந்த மனதோடு உணவை மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்துவது மருத்துவ அறத்துக்கு விரோதம் என்பது உலக மருத்துவச் சங்கத்தின் நிலை. 1991ல் மால்டாவில் ஏற்ற பிரகடனத்தை 2006ல் திருத்தி அதை அழுத்தமாகவே சொன்னது. அதைவிட முக்கியமான கேள்வி: அந்த உயிர் எதற்காகக் காக்கப்பட்டது? அவரோடு பேச்சு நடத்தவா, அவர் இறந்தால் வரும் கலவரத்தைத் தவிர்க்கவா? பேச்சில்லாமல் ஆண்டுக்கொரு கைது என்று ஓடிய காலத்தைப் பார்த்தால், ஒரு மனுஷியைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இங்கே இன்னொரு எதிர்ப்புக் குரலையும் கேட்டாக வேண்டும். உண்ணாவிரதமே ஒரு வகை மிரட்டல் இல்லையா? நாட்டின் இரு பெரிய ஆளுமைகள் இதில் முரண்பட்டார்கள். உண்ணாவிரதத்தின் ஆசானான காந்தி, வைக்கம் போராட்ட நாட்களில், 1924ல், அதற்கு எல்லை வகுத்தார். அன்பு கொண்டவரைத் திருத்தத்தான் பட்டினி கிடக்கலாம், கொடுங்கோலரிடம் உரிமையைப் பிடுங்க அது ஆயுதமல்ல என்பது அவர் கருத்து. ஆனால் 1932ல் எரவாடா சிறையில் அவரே இருந்த உண்ணாவிரதம் அம்பேத்கருக்கு நிர்பந்தமாகத்தான் பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதிகளை விட்டுக்கொடுத்து பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சட்ட வழிகள் திறந்திருக்கும் நாட்டில் சத்தியாக்கிரகத்துக்கு இடமில்லை என்றார்.

ஷர்மிளாவை இந்த வாதத்தால் எளிதில் வீழ்த்த முடியாது. அம்பேத்கரின் நிபந்தனை, சட்ட வழி திறந்திருக்க வேண்டும் என்பது. அவர் எதிர்த்த சட்டமோ நீதிமன்றத்தின் கதவையே மத்திய அரசின் அனுமதி என்ற பூட்டால் பூட்டி வைத்திருந்தது. தவிர, நிர்பந்தம் என்பதற்கு பலம் வேண்டும். காந்தி பட்டினி கிடந்தால் தேசம் பதறியது. மணிப்பூரின் ஒரு மருத்துவமனை அறையில் கிடந்த இளம் பெண்ணுக்காக டெல்லியில் யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது தராசு குணம். அரிஸ்டாட்டில் வழியில், செயலைத் தனியாக எடுத்து அளக்காமல் அதைச் செய்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்று பார்ப்பது. கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவே உள்ளதுதான் வீரம் என்பார் அவர். தமிழ் மரபுக்கு இது அந்நியமல்ல. மானம் போனபின் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் விடும் வடக்கிருத்தலைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிரவணபெளகொளவின் சந்திரகிரி மலையில், சல்லேகனை என்னும் விரதமிருந்து உயிர் நீத்த சமணத் துறவிகளின் நினைவாக ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல்வெட்டுகள் பாறை பாறையாக உள்ளன. இந்த மண்ணில் பட்டினியைக் குற்றமாகப் பார்ப்பது புதிய வழக்கம். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சமணர்களின் இந்த விரதத்தைத் தற்கொலை என்றபோது, அதே மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சாவதற்காகவே இருக்கும் விரதத்துக்கு இடைக்கால நிம்மதி கிடைத்த அந்த நாட்களில், சாக விரும்பவில்லை என்று சொன்ன ஷர்மிளா இம்பாலில் காவலில் இருந்தார்.

வடக்கிருத்தல் என்றதும் நினைவுக்கு வருபவன் உறையூர் அரசன் கோப்பெருஞ்சோழன். பெற்ற பிள்ளைகளே பகையாக நின்றதால் போரைக் கைவிட்டு வடக்கிருந்தான். பார்த்தே இராத பாண்டிய நாட்டு நண்பர் பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்து உயிர் விட்ட கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதவர் பொத்தியார். அவரும் மன்னனோடு சாக வந்தார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். மகன் பிறந்தபின் வா என்று மன்னன் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் போனார். பிறகு வந்து, நடுகல்லாகிவிட்ட மன்னனிடம் தனக்கும் இடம் கேட்டு நின்றார் என்று புறநானூறு காட்டுகிறது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சமூகம் பொத்தியாரைக் கோழை என்று ஏசியதாகத் தெரியவில்லை. உயிரைக் கொடுக்கும் உறுதிக்கு எதிரே, பிறக்கப் போகும் ஒரு குழந்தை என்ற நியாயத்தை மன்னனே எடுத்து வைத்தான். அதற்கும் மதிப்பிருந்தது.

இது நான்காவது தராசுக்கு வழி விடுகிறது. அமெரிக்க உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982ல் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். நீதி, உரிமை, விதி என்று பேசும் அறக்கோட்பாடுகள் மனிதர்களைத் தனித் தீவுகளாகப் பார்க்கின்றன. உறவும் பராமரிப்பும் அறத்தின் பகுதிதான் என்றார். ஷர்மிளாவின் கதையில் இந்தப் பக்கம் நெடுங்காலம் மூடியே கிடந்தது. தாய் சகி தேவி மகளைப் பார்க்கப் போகாமல் வைராக்கியமாக இருந்தார். தன் கண்ணீரைப் பார்த்து மகளின் உறுதி குலைந்துவிடக் கூடாது என்ற பயம். தாயின் இந்தத் தியாகத்தை எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் 2011ல், தான் ஒருவரை நேசிப்பதாக ஷர்மிளா சொன்னதை ஒரு கல்கத்தா நாளேடு வெளியிட்டபோது மணிப்பூரில் ஆதரவாளர்கள் பலர் கொதித்தார்கள். செய்தி சதி என்றார்கள். சிலை காதலிக்குமா?

2016 ஜூலையில் அவர் முடிவை அறிவித்தார். உண்ணாவிரதத்தை நிறுத்தப் போகிறேன், தேர்தலில் நிற்கப் போகிறேன், திருமணம் செய்துகொள்ளப் போகிறேன். ஆகஸ்ட் 9 அன்று உள்ளங்கையில் ஊற்றிய தேனை நாக்கில் தொட்டு வைத்து அழுதார். அன்று இரவு தங்க இடமில்லை. அடைக்கலம் தர வந்தவர் குடியிருந்த பகுதியில் எதிர்ப்பு. போக வேறு இடமின்றி அதே மருத்துவமனைக்குத் திரும்பினார். இவருக்காகக் கூட்டம் கூட்டி, கொடி பிடித்து, பரிசுகள் அறிவித்த உலகம் ஒரு படுக்கைக்கு வழி செய்யவில்லை.

தேர்தல் அடுத்த அடி. 2017 மார்ச்சில் முதல்வர் ஒக்ரம் இபோபி சிங்கை எதிர்த்து தவுபால் தொகுதியில் நின்றார். கிடைத்தவை 90 வாக்குகள். 'யாருமில்லை' என்ற பொத்தானுக்கே 143 விழுந்தது. பிறகு தமிழகம். கொடைக்கானலில் திருமணப் பதிவுக்கு மனு கொடுத்தபோது, இவர்கள் இங்கே இருந்தால் மலையின் அமைதி கெடும் என்று உள்ளூரில் சிலர் ஆட்சேபம் கிளப்பினார்கள். ஆட்சேபம் தள்ளுபடியாகி 2017 ஆகஸ்ட் 17ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் நடந்தது. அதன் பிறகுதான் பெங்களூர்.

பாதியில் விட்டுவிட்டார் என்று குறை சொல்பவர்களின் வாதத்தைச் சற்று நிதானமாகக் கேட்கலாம். 'சட்டம் போகும் வரை' என்று உறுதி கூறியவர் அவர். அந்த உறுதியை நம்பித்தான் மற்றவர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். தாய்மார்கள் சுழற்சி முறையில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பது கடமை இல்லையா? கான்ட்டையே சாட்சிக்கு அழைக்கலாம். வாக்குறுதி மீறுவதை அவர் மன்னிக்க மாட்டார்.

இதற்கு விடை, கடமைக்கும் கொடைக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் அறிஞர் ஜே.ஓ. அர்ம்சன் 1958ல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். மணிப்பூரை வாட்டிய சட்டம் பிறந்த அதே ஆண்டு என்பது தற்செயல். வெடிக்கப்போகும் கையெறி குண்டின் மீது ஒரு சிப்பாய் விழுந்து தோழர்களைக் காப்பாற்றுகிறான். செயல் மகத்தானது. ஆனால் அப்படி விழு என்று எந்த அதிகாரியும் உத்தரவிட முடியாது. விழாத மற்ற சிப்பாய்களை யாரும் பழிக்கவும் முடியாது. கடமைக்கு அப்பாற்பட்ட செயல்கள் என்று ஒரு வகை உண்டு; செய்தால் புகழலாம், செய் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது என்றார் அர்ம்சன்.

ஷர்மிளா முதல் நாள் பட்டினி கிடந்தது கொடை என்றால், ஐந்தாயிரமாவது நாளும் கொடைதான். வருடங்கள் கூடக் கூட அது கடனாக மாறிவிடாது. 28 வயதில் கொடுத்த உறுதியை 44 வயது வரை காத்தவரிடம், மீதி ஆயுளையும் வை என்று கேட்கும் உரிமையை யார் கொடுத்தது? அவர் வாக்குறுதி கொடுத்தது தன் மனசாட்சிக்கு. கொடுத்ததை அந்த மனசாட்சியே மறுபரிசீலனை செய்தது. வழி மாறிய பிறகும் கோரிக்கை அதேதான். சட்டத்தை எதிர்த்துத்தான் தேர்தலிலும் நின்றார்.

இந்தக் கோணத்தில் பார்க்கும்போது, கான்ட்டின் குற்றச்சாட்டு ஷர்மிளாவை விட்டுவிட்டு வேறு இருவர் மீது விழுகிறது. அவரை உயிரோடு வைத்துக்கொண்டே பேச மறுத்த அரசு அவரைக் கருவியாக நடத்தியது. அவர் சாப்பிடத் தொடங்கியதும் கதவடைத்த ஆதரவாளர்களும் அதையேதான் செய்தார்கள். ஒரு தரப்புக்கு அவர் சாகக் கூடாது. மறு தரப்புக்கு அவர் சாப்பிடக் கூடாது. அவர் எப்படி வாழ வேண்டும் என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

சட்டம் மட்டும் இந்த வரலாற்றிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது போலத் தெரிகிறது, ஆனால் எதிர்த் திசையில். 2024 ஜூலை 1ல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது பழைய 309ஆவது பிரிவு மறைந்தது. மன உளைச்சலில் உயிரை மாய்க்க முயல்பவரைச் சிறைக்கு அனுப்பும் கொடுமை ஒழிந்தது நல்ல செய்தி. ஆனால் புதிய 226ஆவது பிரிவு, அரசு ஊழியரை நிர்பந்திக்கவோ அவர் பணியைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. விரக்தியில் செய்தால் மன்னிப்பு, கோரிக்கையோடு செய்தால் தண்டனை என்று ஆகிவிட்டது. உண்ணாவிரதம் இந்த வலையில் விழுமா என்பதை நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஷர்மிளா குடிவந்த நகரத்திலும் எதிர்ப்புக்கு வேலி உண்டு. பெங்களூரில் ஆர்ப்பாட்டங்களை சுதந்திரப் பூங்காவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று 2021ல் காவல் துறை ஆணை வகுத்தது. அந்தப் பூங்கா முன்பு மத்தியச் சிறையாக இருந்த இடம். அவசர நிலைக் காலத்தில் நடிகை சினேகலதா ரெட்டி அங்கேதான் அடைபட்டிருந்தார். ஆஸ்துமா முற்றிய நிலையில் பரோலில் விடப்பட்டு, சில நாட்களில், 1977 ஜனவரி 20ல் இறந்தார். போராட்டத்தின் விலையைத் தனி ஒருவரின் உடல் கட்டுவது மணிப்பூருக்கு மட்டும் உரிய கதையல்ல.

இந்த விலையைக் குறைக்க வழி இருக்கிறதா? மணிப்பூரிலேயே ஒரு விடை உண்டு. அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் மனைவியரும் குடும்பத்தாரும் சங்கமாகச் சேர்ந்து, ஷர்மிளா மருத்துவமனையில் இருந்த காலத்திலேயே, 1,528 மரணங்களின் பட்டியலோடு 2012ல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் கர்நாடகத்தின் முன்னாள் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே. உறுப்பினர்களில் ஒருவர் கர்நாடகக் காவல் துறையின் முன்னாள் தலைவர் அஜய் குமார் சிங். மாதிரிக்கு ஆறு வழக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். இறந்தவர்களில் 12 வயதுச் சிறுவனும் உண்டு. ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் அல்ல என்று குழு சொன்னது. படையினருக்கு முழு விலக்கு எதுவும் கிடையாது என்று 2016 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 2017 ஜூலையில் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவு வந்தது.

மெதுவான வழிதான். முழு வெற்றி என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, தறி நெய்துகொண்டே, சந்தைக்குப் போய்க்கொண்டே வழக்கு நடத்தினார்கள். ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் நீதிமன்றம் போகலாம். சுமை பல தோள்களில் இருந்ததால் யாரும் சிலையாக வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் இதற்குத்தானா என்று முணுமுணுத்தவர்களுக்கு ஒரு பதில் கேள்வி உண்டு. மாலோமில் பேருந்துக்கு நின்றவர்கள் கேட்டது என்ன? பயமில்லாமல் வீடு போய்ச் சேருவதும், பிள்ளைகளோடு சாப்பிட உட்காருவதும்தானே. ஷர்மிளா 16 ஆண்டுகள் உண்ணாமல் இருந்தது அந்த வாழ்க்கை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அந்த எல்லோரிலும் அவரும் ஒருவர்.